ஜெயிக்க விட்டார்கள்

பாப்பாரப்பட்டிச் சொல்விளையாட்டுக் குழுவில் விட்டுக்கொடுக்கிற பழக்கமே கிடையாது. தினமும் காலையில் எல்லோருடைய செல்போனுக்கும் ஒரே புதிர் வரும். ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அதற்கு இவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்கும் வெளியாள், ஏதோ சொத்துத் தகராறு என்றுதான் நினைப்பார். பெரும்பாலும் முதலில் முடிப்பது ராணியம்மாள். பால் கறந்த கை காய்வதற்குள் விடையைப் போட்டுவிட்டு, மற்றவர்களுக்கு இன்னும் பொழுது விடியவில்லையா என்று குரல்பதிவில் கேட்பாள். குழுவைத் தொடங்கிய செல்போன் கடை சென்னப்பனையும் விட்டுவைப்பதில்லை. ஹாஜிராவுக்கு முதலிடம் கிடைப்பது அத்தி பூத்தாற்போல. கிடைத்த அன்றும், குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லி ராணியம்மாள் அதைக் கெடுத்துவிடுவாள்.

அந்த வம்புதான் ஹாஜிராவை நடமாட வைத்திருந்தது. அவளுடைய ஒரே மகன் ஆமிர் சரக்குக் கப்பலில் சமையல்காரன். செங்கடலில் கப்பல்கள் மேல் குண்டு விழுகிறது என்று செய்தி வரத் தொடங்கியதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலைத் தொழுகை முடித்ததும் டிவியைச் சத்தமில்லாமல் வைப்பாள். எரிகிற கப்பலின் பெயரைப் படித்து, அது மகனுடைய கப்பல் இல்லை என்று தெரிந்ததும் அணைத்துவிட்டுப் புதிருக்குள் போய் ஒளிந்துகொள்வாள். கப்பலில் நெட் கிடைக்கிற நாளில் ஆமிரும் குழுவில் வந்து ஆடுவான். கடல் தண்ணி குடிச்சு மூளை உப்பாப் போச்சா என்று ராணியம்மாள் அவனையும் வாருவாள். போரைப் பற்றி மட்டும் குழுவில் யாரும் மூச்சு விடக்கூடாது. அது ராணியம்மாள் போட்ட சட்டம். ஒரு தரம் தாக்குதல் நடந்த இடத்தின் வரைபடத்தை அனுப்பிவிட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சென்னப்பன் இன்னும் மறக்கவில்லை.

அன்று காலை கரண்ட் இல்லை. செய்தி பார்க்க வழியில்லாமல் ஹாஜிரா நேரே புதிரைத் திறந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும் சொல். மூன்றாம் முயற்சியில் முடித்துவிட்டுக் குழுவுக்குப் போனால், அவளுக்கு முன்னால் ஒருவரும் விடை போட்டிருக்கவில்லை. ராணியம்மாளை முந்திவிட்டோம் என்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உடனே ராணியம்மாள் எழுதியது வந்தது: "நல்லா ஆடுன ஹாஜிரா." குத்தல் இல்லை, கேலி இல்லை. பின்னாலேயே சென்னப்பன் பழைய புதிர் ஒன்றை அனுப்பி, இதையும் போட்டுப் பாருங்க, நீங்கதான் ஜெயிப்பீங்க என்று எழுதினான். மற்றவர்கள் வரிசையாகக் கைதட்டும் படம் போட்டார்கள்.

ஹாஜிராவுக்கு விளங்கிவிட்டது. தெரியாத எண் என்றால் அம்மா எடுக்கமாட்டாள் என்று, கப்பல் கம்பெனியில் அவசரத்துக்குச் சென்னப்பனின் எண்ணைத்தான் ஆமிர் கொடுத்திருந்தான். அந்த எண்ணுக்குப் போன் வந்திருக்கிறது. அவள் வீட்டுக்காரர் முனாப், தன் துணிக்கடைக்குச் சரக்கெடுக்க ஓசூர் போயிருந்தார். அவர் வந்து சேரும்வரை இவளை எதிலாவது பிடித்து வைப்போம் என்று எல்லோரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் பொய் சொல்லத் தெரியாத ஜனங்கள். இத்தனை நாள் விட்டுக்கொடுக்காதவர்கள் ஒரே நாளில் விட்டுக்கொடுத்தால் பெற்றவளுக்குத் தெரியாதா?

அவள் யாரையும் கூப்பிடவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே என்று பயந்தாள். சென்னப்பன் அனுப்பிய புதிரில் வாய்க்கு வந்த ஒரு சொல்லைப் போட்டு அனுப்பினாள். அவள் இன்னும் ஆடுகிறாள் என்று அவர்கள் நம்பட்டும். பிறகு எழுந்து, கூடத்திலிருந்த கட்டிலை இழுத்துச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தாள். தையல் மிஷினை உள்ளறைக்குத் தள்ளினாள். தரையைப் பெருக்கித் துடைத்தாள். ஆமிர் அவன் அப்பாவைவிட உயரம். அவனைக் கொண்டுவரும் பெட்டி உள்ளே திரும்புமா என்று வாசற்கதவு இரண்டையும் அகலத் திறந்து பார்த்தாள்.

முனாப் வரும்வரை ராணியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. நடையும் ஓட்டமுமாக வந்தவள், காலியாகக் கிடந்த கூடத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாங்கக்கா," என்றாள் ஹாஜிரா. "எனக்குத் தெரிஞ்சுபோச்சு. புள்ளைய எப்பக் கொண்டாராங்க, அத மட்டும் சொல்லுங்க."

ராணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொண்டாரதுக்கு ஒன்னுமில்ல ஹாஜிரா. கப்பலோட முழுகிட்டானாம். தேடறதயும் நிறுத்திட்டாங்களாம்."

ஹாஜிரா ஈரம் காயாத தரையையே பார்த்தபடி நின்றாள். அவன் போய்விட்டான் என்பதற்கு அவள் காலையிலேயே மனதைக் கல்லாக்கிக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு தரம் முகத்தைப் பார்க்கலாம் என்ற ஆசை ஒன்றுதான் அவளை இவ்வளவு நேரம் நிற்க வைத்திருந்தது. இப்போது அதுவும் இல்லை.

அவள் போய்க் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தாள். ராணியம்மாள் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கி, அதைப் பழைய இடத்திலேயே போட்டார்கள்.