தொண்டையைக் காய வைக்கும் பிஸ்கட்

அந்த வீட்டுச் சாமான் கடைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் மூக்கில் ஏறுவது கேக்கக்காவின் வெண்ணெய் வாசனைதான். கண்ணாடிக் கதவுக்கு இடப்பக்கம் அவளுடைய மேசை. கேக்கும் பிஸ்கட்டும் சுட்டுக் காட்டி ஓவன் விற்பவள் என்பதால் அந்தப் பேர். மேசை மேல் ஓர் ஓவன், பக்கத்தில் ஒரு தட்டு, தட்டு நிறைய உடைத்துப் போட்ட பிஸ்கட் துண்டுகள்.

"சர்க்கரை ஒரு கிண்ணம், வெண்ணெய் ரெண்டு, மாவு மூணு. அவ்ளோதாங்க. பிசைஞ்சு, தட்டி, உள்ள வச்சுட்டு நீங்க பாட்டுக்குக் குளிக்கப் போங்க. தலை துவட்டிட்டு வந்தா பிஸ்கட் ரெடி" என்பாள். தின்றவர் மென்றுகொண்டிருக்கும்போதே ஓவன் கதவைத் திறந்து மூடிக் காட்டுவாள். பிஸ்கட் தூண்டில், ஓவன் மீன்கூடை. கடைக்காரன் கையால் எதுவும் சும்மா கிடைக்காது என்பது தின்கிறவருக்கும் தெரியும். தெரிந்தே தின்பார்கள்.

வலப்பக்க மேசை ஜில்லுவுடையது. அவள் மிக்சி விற்பவள். வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் போட்டு, ஐஸ்கட்டியும் பாலும் ஊற்றி, ஒரு சுற்றுச் சுற்றிக் குட்டிக் குட்டி டம்ளரில் கொடுப்பாள். அதனால்தான் கடையில் அவளுக்கு ஜில்லு என்று பேர். கேக்கக்காவுக்கு அவள் வேறு யாரும் இல்லை, ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. போன வருடம் முதலாளியிடம், "வீட்ல சும்மாதான் இருக்கா, வாய் மட்டும் நல்லா வேலை செய்யும், வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டதும் இதே கேக்கக்காதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களை ஊர் சிரிக்கிறது. பாதிப் பேர் நல்ல மனசால்தான் அப்படி வைத்துக்கொள்கிறார்கள்.

வந்த புதிதில் ஜில்லு, "அக்கா, இதை எப்படிப் பேசறது? அக்கா, அந்தாளு பேரம் பேசுறாரு, என்ன சொல்றது?" என்று ஓடி ஓடி வந்தாள். அப்போது கேக்கக்காவுக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். கேள்வி நின்றது, பிரியமும் நின்றது.

இப்போது கதவைத் தாண்டிப் போகிற அட்டைப் பெட்டிகளைப் பார்த்தால் நாலில் மூன்று மிக்சி. ஓவன் எப்போதாவது ஒன்று, அதுவும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் போகிற மாதிரி யோசித்து யோசித்துப் போகும். ஒரு புருஷன் பெண்டாட்டி ஜோடி, மிக்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, போகிற போக்கில் அவள் தட்டிலிருந்து இன்னொரு துண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனது. அந்த நேரம் கேக்கக்காவின் வயிற்றில் மாவைத் தட்டி வைத்திருந்தால் அதுவே பொன்னிறமாக வெந்திருக்கும்.

இந்த எரிச்சலில் முதலாளி ஒரு சேதியையும் அள்ளிப் போட்டார். பில் போடுகிற மேசையைப் பெரிதாக்கப் போகிறாராம். கதவுப் பக்கம் இனி ஒரே ஒரு மேசைக்குத்தான் இடம்.

"ஒண்ணுன்னா எது முதலாளி?" என்று கேட்டாள் கேக்கக்கா.

"பாக்கலாம்மா" என்றார் அவர்.

வியாபாரி வாயில் 'பாக்கலாம்' என்று வந்தால், பார்த்து முடித்துவிட்டான் என்று அர்த்தம். கதவோர மேசை வெறும் மரம் இல்லை. கடைக்கு வருகிற ஊரே முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறது. தெருவில் போனால், "ஓவன் கடை அக்காதானே?" என்று கேட்கிறார்கள். அந்த இடம் ஓரகத்திக்குப் போனால், வேலை போவதைவிட அது மோசம்.

சாப்பிடும்போது வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார். "விடு. ஜில்லுவுக்குக் கை ராசி. சில பேருக்கு அப்படி அமையும்."

"அப்ப எனக்கு?"

"உனக்குக் கைப்பக்குவம்" என்றார் அவர், தட்டை விட்டுத் தலை நிமிராமல்.

"ராசியா, பக்குவமா, எது பெருசு?"

அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். கல்யாணமாகிப் பல வருடமான ஆண்களுக்கு எந்தக் கேள்விக்குத் தாகம் எடுக்க வேண்டும் என்பது தெரியும்.

ஆனால் அவர் தண்ணீர் குடித்த சத்தத்தில்தான் கேக்கக்காவுக்குப் பொறி தட்டியது. மறுநாள் பேசுவதைக் குறைத்துக்கொண்டு கவனித்தாள். ஒரு பெரியவர் பிஸ்கட்டை வாயில் போட்டார். மென்றார். தொண்டையைக் கனைத்தார். இப்படியும் அப்படியும் பார்த்தார். ஜில்லு அந்தப் பக்கத்திலிருந்து டம்ளரை நீட்டி, "வாங்கப்பா, ஒரு வாய் குடிச்சுட்டுப் பேசுங்க" என்றாள். பெரியவர் போனார், குடித்தார், சிரித்தார், கடைசியில் மிக்சி ஜாடியின் மூடியைத் திறந்து மூடிப் பார்க்க ஆரம்பித்தார். அடுத்து ஓர் அம்மா. அடுத்து ஒரு கல்லூரிப் பெண். எல்லோருக்கும் அதே வழி, ஆட்டு மந்தை மாதிரி.

உழுவது இவள், அறுப்பது அவள். இதற்கு ராசி என்று பேர் வைத்திருக்கிறார்கள்!

முதலில் அவள் செய்தது நியாயமான வைத்தியம். பிஸ்கட்டை நிறுத்திவிட்டு, நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை மசித்து, எண்ணெயும் தயிரும் தாராளமாக விட்டு, ஈரம் சொட்டுகிற கேக் சுட்டாள். தின்றவர் யாருக்கும் தாகம் எடுக்கவில்லை. ஜில்லுவின் டம்ளர்கள் ஈயோட்டின. கேக்கக்காவுக்கு ஐஸ்கட்டியை நெஞ்சில் வைத்த மாதிரி இருந்தது. ஆனால் அவர்கள் ஓவனும் வாங்கவில்லை. தின்றார்கள், விரலை நக்கினார்கள், "இன்னொண்ணு கிடைக்குமா?" என்றார்கள், வயிறு நிறைந்து வெளியே போய்விட்டார்கள். வயிறு நிறைந்தவன் எதையும் வாங்க மாட்டான்.

முதலாளி கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார். "என்னம்மா, அன்னதானமா நடக்குது?"

ஜில்லு களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் கேக்கக்காவை அடுத்த படிக்குத் தள்ளியது.

தாகத்தைத் தடுக்க முடியாதா? சரி. அப்படியானால் ஜில்லு தாங்க முடியாத அளவுக்குக் கிளப்பிவிடலாம். மேசை மேல் இருக்கிற மிக்சி ஒன்றே ஒன்று. அதை ஓய்வில்லாமல் ஓட்டினால் மோட்டார் சூடாகும். சூடானால் நாறும். சனத்துக்கு நடுவே ஒரு மிக்சி புகைந்தால் அப்புறம் அதை எவன் வாங்குவான்? கேக்கக்கா எதையும் தொட வேண்டியதுகூட இல்லை. பிஸ்கட் சுட்டால் போதும்.

சம்பளம் வந்த பிறகான ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள். அன்று கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. துருவிய சீஸ், வெண்ணெய், மாவு, கைநிறைய உப்பு, கொரகொரப்பாக உடைத்த மிளகு. ஒரு சொட்டு பால் சேர்க்கவில்லை. விரல் நீளக் குச்சிகளாக நறுக்கி, கொஞ்சம் கூடுதலாகவே காய விட்டாள். கடித்தால் கடுக்கென்று உடைந்தது. உள்ளே போனதும் நாக்கு, அண்ணம், தொண்டை எல்லாவற்றிலும் இருந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. அவளே ஒன்றைத் தின்றுவிட்டு அரைச் செம்பு தண்ணீர் குடித்தாள். பிரமாதம்.

"எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க. ரெண்டா எடுத்துக்குங்க சார், உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க!"

கூட்டம் எடுத்துக்கொண்டது. கூட்டம் வலப்பக்கம் சாய்ந்தது. மிக்சி ஓடியது, நின்றது, உடனே ஓடியது.

"ஏம்மா, எனக்கு இன்னும் வரலியே!"

"இதோண்ணா, வந்துட்டே இருக்கு!"

"குழந்தைக்கு முதல்ல குடும்மா, இருமுறான் பாரு!"

ஜில்லுவின் நெற்றி வேர்த்தது. கேக்கக்கா இன்னொரு தட்டை ஓவனிலிருந்து எடுத்து, ஆற விடாமலே நீட்டினாள். மிக்சியின் சத்தம் முனகலாக மாறியது. ரப்பர் கருகுகிற வாசனை வெண்ணெய் வாசனையைக் கிழித்துக்கொண்டு வந்தது. டக். மிக்சி நின்றுவிட்டது. கூட்டம் மூக்கைப் பொத்தியது.

"போச்சுடா, எரிஞ்சு போச்சு!" என்றான் ஒருத்தன்.

கேக்கக்கா ஓவன் கையுறையால் வாயை மூடிக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்குப் பதற்றம் மாதிரி தெரியும்.

ஜில்லு ஒரு கணம் வெளிறினாள். பிறகு மிக்சியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பாகத்தை எல்லோருக்கும் காட்டினாள்.

"எரியலைண்ணா, நின்னுருக்கு! இந்தச் சிவப்புப் பொத்தான் தெரியுதா? சூடு தாங்காதுன்னா இது தானா மோட்டாரை நிறுத்திடும். உங்க வீட்ல இருக்கற மிக்சியை இன்னிக்கு நான் ஓட்டுன மாதிரி ஓட்டிப் பாருங்க, எடைக்குத்தான் போடணும்." கூட்டம் சிரித்தது. "அதுக்கும் மூச்சு வாங்கணும்ல? அதுவரைக்கும் சும்மா நிக்க வேணாம்." மூடிபோட்ட ஒரு ஜாடியில் எலுமிச்சையைப் பிழிந்து, சர்க்கரை, புதினா, ஐஸ்கட்டி, தண்ணீர் போட்டு, 'எரிஞ்சு போச்சு' என்றவன் கையிலேயே திணித்தாள். "நீங்களே ஆட்டுங்க. வாய் மட்டும் ஆட்டுனா போதுமா?"

அவன் ஆட்டினான். அடுத்தவன் வாங்கி ஆட்டினான். குழந்தைகள் வரிசை கட்டின. ஆறிய பிறகு ஜில்லு சிவப்புப் பொத்தானை அழுத்த, மிக்சி புத்தம் புதிதாகச் சுற்றியது. கைதட்டினார்கள். கடை மூடும்போது கிடங்கில் ஒரு மிக்சிப் பெட்டியும் மிச்சமில்லை.

கேக்கக்காவுக்குத் தன் தொண்டை வறண்டது பிஸ்கட்டினாலா என்று தெரியவில்லை.

மறுநாள் முதலாளி அவளைக் கூப்பிட்டார். முகத்தில் எண்ணெய் வழிகிற சந்தோஷம். "உக்காரும்மா. நேத்து ஒரு விசயம் புரிஞ்சுது. உங்க பிஸ்கட்டுதான் அந்த மேசைக்கு முதலீடு. அதைத் தின்னவன் குடிக்காம இருக்க முடியாது. குடிச்சவன் வாங்காம இருக்க முடியாது. என்ன மூளைம்மா உங்களுக்கு! தெரிஞ்சேதானே செஞ்சீங்க?"

தெரிந்தேதான் செய்தாள். இல்லை என்றால் முட்டாள், ஆமாம் என்றால் ஓரகத்திக்கு உழைத்த உத்தமி. "ஏதோ, கடை நல்லா இருக்கணும்ல" என்றாள்.

"அதான். கதவுப் பக்கம் ஜில்லு இருக்கட்டும். நீங்க உள்ள, கிடங்கை ஒட்டின ரூம்ல, நாள் பூரா அந்தக் குச்சி பிஸ்கட்டைச் சுட்டுத் தள்ளுங்க. ஓவனும் அங்கேயே. ஃபேன் போட்டுத் தர்றேன், நல்ல ஸ்டூல் போட்டுத் தர்றேன். சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

ஆக, வேலை இருக்கும். ஆள் இருக்க மாட்டாள். நாலு சுவருக்குள் உட்கார்ந்து ஜில்லுவுக்காகத் தாகம் சுட வேண்டும். அழுகை முட்டியது. ஆனால் பேரம் பேசுகிற இடத்தில் அழுதவன் பாதி விலைக்குப் போவான்.

"ஃபேன் வேணாம். ஸ்டூலும் வேணாம்" என்றாள்.

"பின்ன?"

"சன்னல்."

"சன்னலா? எதுல?"

"கடைப் பக்கச் சுவத்துல. வாசனைக்கு வழி வேணாமா முதலாளி? மூக்கைப் பிடிச்சு இழுத்தாத்தான் கால் வரும். அடைச்ச ரூம்ல சுட்டா வாசனை கிடங்குல இருக்கற எலிக்குத்தான்."

வாசனை நியாயம். உண்மை வேறு. பார்க்காமல் இருந்தால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். ஜில்லு என்ன சொல்கிறாள், யார் சிரிக்கிறார்கள், எத்தனை பெட்டி போகிறது, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து எரிந்தால்தான் ஒரு நிம்மதி.

முதலாளி தாடையைச் சொறிந்தார். "எவ்ளோ பெருசு?"

கேக்கக்கா இரண்டு கையையும் விரித்தாள்.

"அடேயப்பா! சுவரையே கேக்கறீங்க." ஒரு சாண் காட்டினார்.

"ஒரு சாண்ல கொசு வரும், வாசனை வராது."

"முழம்."

"நியாயமாப் பேசுங்க முதலாளி. பிஸ்கட்டை எப்படி வெளிய குடுக்கறது? ஓவன் தட்டு அகலமாவது வேணும். பலகையும் ஒண்ணு, தட்டை வைக்க."

"பலகை உங்க செலவு."

"ஃபேன் மிச்சமாச்சே, அதுல போடுங்க."

முதலாளி தோற்ற சிரிப்பில் தலையாட்டினார்.

சுவரை உடைத்துச் சட்டம் வைத்து, பலகை பொருத்திய முதல் நாள். கேக்கக்கா தட்டை ஓவனில் தள்ளிவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். தெரிந்தது ஜில்லுவின் முதுகு. அவள் கதவைப் பார்த்து நிற்பவள், முகம் எப்படித் தெரியும்? பின்னல் ஆடியது. எதிரே நின்றவர்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கு என்று காதில் விழவில்லை. சீர் வரிசை மாதிரி பெட்டிகள் போயின. இதற்கா ஃபேனை விட்டுக்கொடுத்தோம் என்று இருந்தது.

தட்டு வெந்தது. அவள் எடுத்துப் பலகையில் வைத்தாள். சுடச்சுட வாசனை சன்னல் வழியாகப் புறப்பட்டுப் போனது.

ஜில்லுவின் டம்ளரை வாயில் வைத்திருந்த ஓர் அம்மா மூக்கைத் தூக்கினாள். டம்ளரை வைத்துவிட்டு, வாசனையைப் பிடித்துக்கொண்டே சன்னலுக்கு வந்து நின்றாள்.

"அட, உள்ளயே சுடறீங்களா? கடையில வாங்கி வைக்கறாங்கன்னுல்ல நினைச்சேன். கஷ்டமா?"

"கஷ்டமா! சீஸைத் துருவத் தெரியுமாங்க?"

"தெரியும்."

"அப்ப முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. மீதியை இது பாத்துக்கும்." கேக்கக்கா ஓவன் கதவைத் திறந்தாள். சிவந்து எரிகிற உள்பக்கமும், பொரிந்துகொண்டிருந்த அடுத்த தட்டும் சன்னலுக்குள் சினிமா மாதிரி தெரிந்தன. "பலகையில இருக்கற தட்டுல எடுத்துப் பாருங்க, ஓரத்துல இருக்கறது ஆறிடுச்சு."

அந்த அம்மாவின் பின்னால் அவள் மகள் வந்து எட்டிப் பார்த்தாள். மகளின் தோளுக்கு மேல் வேறொருவர். சனத்துக்கு ஒரு குணம். திறந்து கிடக்கிற வாசலைவிடச் சன்னலில் எட்டிப் பார்க்கத்தான் ஆசை அதிகம். கேக்கக்கா சீஸ் துருவியைக் கையில் எடுத்தாள், குரலை ஒரு கட்டை தாழ்த்தினாள். கேட்க வேண்டுமானால் இன்னும் கிட்டே வரட்டும்.

கதவுப் பக்கம் மிக்சி ஓடி நின்றது. டம்ளர்கள் நிரம்பி வரிசையாக இருந்தன. எடுப்பார் இல்லை.

தன் ஆட்கள் எங்கே போனார்கள் என்று தேடி, பின்னல் சட்டென்று சுழல, ஜில்லு திரும்பிப் பார்த்தாள்.