சேர்க்க இடமில்லாத பெட்டி

ஆயுத பூஜைத் தட்டிலிருந்து நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தபோது அதன் பிடியில் வைத்த குங்குமம் விரலில் ஒட்டிக்கொண்டது. வாசலில் என் புருஷன் கொட்ரேஷ் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தான். தாவணகெரேயில் பி.பி. ரோடு முழுக்க அன்று காலை பூசணிக்காய்தான். அவன் உடைக்கிற சத்தம் எது, பக்கத்து பேட்டரிக் கடைக்காரன் உடைக்கிற சத்தம் எது என்று பிரித்தறிய முடியாது. அவன் உள்ளே வருவதற்குள் புதுக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. நெற்றியில் மூன்று கோடு விபூதியும் தலையில் ஒற்றைச் செவ்வந்தியுமாக, டிபன் டப்பா அளவுக்கு, மேசையில் அது சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. கவிழ்த்துப் போட்டு நாலு திருகையும் கழற்றினேன்.

உள்ளே ஒன்றுமில்லை. அதாவது, இருக்க வேண்டியதெல்லாம் இருந்தது, இனி வரப்போகிற எதற்கும் இடமில்லை. ராம் மெமரியைத் தனியாகச் செருகும் பள்ளமே கிடையாது, பலகையோடு பற்றவைத்து அனுப்பியிருந்தார்கள். கிராபிக்ஸ் கார்டை வைக்க இடம் வேண்டாமா, ஒரு தீப்பெட்டிகூட நுழையாது. பவர் சப்ளை வெளியே, லேப்டாப்புக்கு வருமே, அந்தக் கறுப்புக் கட்டி. வாங்கிய அன்று என்னவோ, சாகும் அன்றும் அதேதான்.

"பூஜை போட்ட மிஷினைப் பிரிச்சு வெச்சிருக்கியே, உனக்கு அறிவு இருக்கா?" கொட்ரேஷ் கையில் பூசணித் துண்டோடு நின்றான். "இன்னிக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"இதைத்தான் வாங்கிட்டு வந்தீங்களா? நான் கம்ப்யூட்டர் கடை ஹாலேஷ்கிட்ட பெரிய டவர் பொட்டியா சொல்லி வெச்சிருந்தேனே."

"அடக்கமா இருக்கு, அழகா இருக்கு. எடத்தை அடைக்காது. பொம்பளைங்க உக்கார்ற மேசைக்கு அந்தப் பீரோ எதுக்கு?"

வாயால் 'ங்க' போடுகிறேன். மனதுக்குள் அவன் இவன்தான், பல வருஷமாக. வீட்டு முன்னறையிலேயே இருக்கும் எங்கள் ஸ்டுடியோவில் படம் பிடிப்பது அவன், மிக்சிங் நான். கல்யாண வீட்டில் மூன்று கேமராவும் மேலே ஒரு ட்ரோனுமாக அள்ளிக்கொண்டு வருகிற குப்பையை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, மாப்பிள்ளையின் தொப்பையை மறைத்து, அழாத அம்மாவை அழுதமாதிரிக் காட்டுவது என் வேலை. கடைசியில் 'ஒளிப்பதிவு: கொட்ரேஷ்' என்று தங்க எழுத்து சுழன்று வரும். அதையும் நான்தான் சுழற்றிவிடுவேன்.

பழைய கம்ப்யூட்டர் அப்படியில்லை. அதை வாங்கும்போது இருந்ததில் கடைசிவரை மிச்சமிருந்தது தகர டப்பா மட்டும்தான். ராம் போதவில்லை என்றால் ராம், டிஸ்க் நிறைந்தால் இன்னொரு டிஸ்க், படம் திக்கினால் கார்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வளர்த்தேன். நான் வேலை கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள அதுவும் கூடவே பெரிசாகிக்கொண்டு வந்தது. ஆவணி மழையில் ஒரு இடி, மதர்போர்டு கருகிவிட்டது. அப்போது நான் அழுததைப் பார்த்து கொட்ரேஷ் சிரித்தான், "யாராவது செத்துட்டாங்களா?" என்று.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஹரிஹரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெயண்ணா கேட்டனுப்பினார். தீபாவளி முடிந்து வரும் முகூர்த்தங்கள் அத்தனைக்கும் மிக்சிங் நானே செய்து தர முடியுமா என்று. ஹரிஹரம் என்ன சீமையிலா இருக்கிறது, பஸ் ஏறினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். சம்பளம் என் கைக்கு. முடிவில் என் பெயர் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார், 'மிக்சிங்: வினுதா' என்று. புது மிஷின் வந்ததும் சொல்கிறேன் என்றேன். கொட்ரேஷிடமும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று நினைத்தேன் பாருங்கள், எனக்குத்தான் அறிவில்லை.

ஜெயண்ணா வேலையை இந்த டப்பாவில் செய்ய முடியாது. அவர் பையன்கள் பிடிப்பதெல்லாம் பெரிய அளவு, இதில் ஏற்றினால் மூச்சு முட்டிவிடும். அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மூடியை மாட்டி, விபூதி கலையாமல் நிமிர்த்தி வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. கொட்ரேஷ் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஹாலேஷ் கடைக்குப் போனேன். ஹாலேஷ் என்னைவிடச் சின்னவன், பழைய கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு உறுப்பும் அவனிடம் வாங்கியதுதான். பையைத் திறந்ததும் விபூதியைப் பார்த்தான். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"அக்கா, பூஜை ஆயிருச்சு. இதை எப்படித் திருப்பி வாங்குவேன்? லட்சுமியை வாசல்ல நிறுத்தி வெரட்டின மாதிரி ஆயிரும். எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடையில பண்ணினதே இல்லை."

"நேத்துதான் பூஜை. துடைச்சுக் குடுக்கிறேன்."

"வீட்டுலயும் பண்ணினாரா?" ஹாலேஷ் விழித்தான். "அண்ணன் இங்கேயே தேங்காய் உடைச்சுத்தானே எடுத்துட்டுப் போனாரு. வாங்கின அன்னிக்கே, இதோ இந்த மேசையிலதான். என்ன அவசரம் அண்ணேன்னு நான்கூடக் கேட்டேன்."

பூஜை அறையில் ஊதுபத்திக்கு நெருப்பு வைக்கவே நான் பத்துத் தடவை கத்த வேண்டும். அவன் கடையில் நின்று தேங்காய் உடைத்திருக்கிறான்.

"டவர் வேணும்னு நான் சொன்னதை நீ சொல்லலியா, ஹாலேஷ்?"

"சொன்னேன் அக்கா. எடுத்துக் காட்டவே செஞ்சேன். மூணு மாடலை வரிசையா வெச்சேன்." அவன் ஷட்டரைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், என்னை மட்டும் பார்க்கவில்லை. "அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. இதுல எதுல பின்னாடி எதுவுமே சேர்க்க முடியாதுன்னாரு. வெளையாடறாருன்னு நெனச்சேன். இல்லைப்பா, நெஜமாத்தான் கேக்கறேன்னாரு. எல்லாரும் எவ்வளவு சேர்க்கலாம்னுதானே அக்கா கேப்பாங்க."

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் சுள்ளென்று இருந்தது. அவன் முட்டாள்தனமாக வாங்கிவந்திருந்தால் எனக்கு இத்தனை எரிந்திருக்காது. முட்டாளோடு குடும்பம் நடத்தலாம், பாதி ஊர் அப்படித்தான் நடத்துகிறது. இவன் விசாரித்து, ஒப்பிட்டு, நான் எவ்வளவு தூரம் போகலாம் என்று அளந்து, அந்த அளவுக்கு ஒரு டப்பா தேடியிருக்கிறான். தேடியதற்கு மேல் தேங்காயும் உடைத்துப் பூட்டியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். மறுப்பான் என்று நினைத்தேன்.

"ஆமா, கேட்டேன்," என்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கொட்ரேஷ் பொண்டாட்டி ஹரிஹரத்துக்காரனுக்கு மிக்சிங் பண்றாளாம்னு நாளைக்கு நாலு பேர் சிரிப்பாங்க. நம்ம வேலைக்கு இது போதும்."

"நம்ம வேலைக்கு இது போதும்னு யார் சொன்னது?"

"நான் சொல்றேன். போய்ச் சமையலைப் பாரு, சாயங்காலம் ருத்ரப்பா வர்றாரு."

ருத்ரப்பா அரிசி மில் வைத்திருப்பவர். அவர் மகள் நிச்சயதார்த்தத்தை நாங்கள்தான் எடுத்திருந்தோம், கல்யாணமும் எங்களுக்கு என்று பேச்சு. அந்தக் கல்யாணத்தைக் காட்டித்தான் கொட்ரேஷ் புதுக் கேமரா வாங்கியிருந்தான். விஜயதசமி சாயங்காலம் எங்கள் பக்கம் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய், பொன்னுக்குச் சமம் என்று வன்னி இலை கொடுப்பார்கள். வருஷம் முழுக்க முகம் பார்க்காதவன்கூட அன்று இலையை நீட்டுவான். ருத்ரப்பா குடும்பத்தோடு வந்து ஸ்டுடியோ சோபாவை நிறைத்துக்கொண்டார்.

"வன்னி வாங்கிக்கப்பா, பொன்னாட்டம் இருப்போம்," என்று கொட்ரேஷ் கையில் இலையைக் கொடுத்தார். "ஏம்மா, நீயும் வாங்கிக்க." வாங்கி அவர் காலைத் தொட்டேன். "அப்புறம், எம்பொண்ணு நிச்சயத்தைக் கொஞ்சம் காட்டறது. அவ அம்மா பார்க்கணும்னு உசுரை வாங்கறா."

"ஓ, தாராளமா! புது மிஷின் வந்திருக்கு," என்றான் கொட்ரேஷ். எல்லோர் எதிரிலும் ஒரு வன்னி இலையை என் பக்கம் நீட்டினான். "பொன்னாட்டம் இருப்போம். மூணு கேமராவும் ட்ரோனும் சேர்த்தே போடு, வினுதா. பார்க்கட்டும்."

இலையை வாங்கி மேசையில் வைத்தேன். அவன் சொன்னபடியே நாலையும் சேர்த்துப் போட்டேன். முன்கூட்டியே ஒவ்வொன்றுக்கும் சின்ன அளவில் நகல் எடுத்து ஓட்டினால் இந்த டப்பாவும் எப்படியோ இழுத்துக்கொண்டு போகும். அந்த வித்தை எனக்குத் தெரியும். அதை அவன் கேட்கவில்லை.

மண்டபத்துக்கு மேலே ட்ரோன் எழும்பியது, பெண் வந்தாள், தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளையின் அம்மா பால் பேடாவை எடுத்துப் பெண்ணின் வாய்க்கு நேராகக் கொண்டுபோனார். அங்கே நின்றுவிட்டது. பாட்டு மட்டும் கொஞ்ச தூரம் தனியாக ஓடி, அதுவும் கரகரத்து அடங்கியது. டப்பாவுக்குள் விசிறி வீறிட்டுச் சுற்றியது.

"என்னாச்சுப்பா?" என்றார் ருத்ரப்பா.

"ஒண்ணுமில்லைங்க, கரண்ட்டு கொஞ்சம்..." கொட்ரேஷ் என் பக்கம் குனிந்தான். "ஏதாவது பண்ணு."

"ராம் போதலை," என்றேன், சோபாவுக்குக் கேட்கிற மாதிரி. "சேர்க்கவும் முடியாது. சேர்க்க முடியாததா பார்த்துத்தானே கேட்டு வாங்கினீங்க."

ருத்ரப்பாவின் மனைவி அவரைப் பார்த்தாள். அவர் இலைக் கட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "கல்யாணத்தையும் இதுலதான் ஓட்டுவீங்களா, கொட்ரேஷா?" குரலில் கோபம் இல்லை, மில்லில் நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கிறபோது இருக்குமே, அந்தக் குரல்.

கொட்ரேஷின் காதோரம் வேர்த்திருந்தது. என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்காததைக் கேட்டான்.

"உனக்கு என்னதான் வேணும்?"

கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தேன். பெண் பாதிக் கண் மூடி, வாயைத் திறந்துகொண்டு நின்றாள். பேடா அவள் உதட்டுக்கு ஒரு விரல்கடை தள்ளி, அந்தம்மாள் கையிலேயே இருந்தது.