சந்தனம் காயாத தோட்டா

இதை எனக்கு முதலில் சொன்னது எபினேசரா, இளமதியா என்பது இப்போது எனக்குத் தெளிவாக இல்லை. இருவருமே சொன்னார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் வாயில் வைத்து நான் நினைத்துக்கொண்டிருக்கவும் கூடும். அன்றைக்குக் காற்று அடித்தது என்றார் ஒருவர். இலைகூட அசையவில்லை என்றார் மற்றவர். வெயில் மட்டும் இருவர் சொன்னதிலும் இருந்தது. சந்தன வாசனையும் இருந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் மதிலை ஒட்டி அன்புசெல்வனுக்கு நெல் வயல். மதிலுக்கு அந்தப் பக்கம் இரும்பு உருட்டும் மில். பகலும் இரவும் அது உறுமிக்கொண்டே இருக்கும். அதன் கரி பறந்து வந்து நாற்றின் மேல் படியும். வயலில் இறங்கி ஏறினால் கணுக்கால் வரை சேறு, அதற்கு மேல் மை. அந்த மில்லில் கழிவு இரும்பு எடுக்கும் கான்ட்ராக்டை அவன் அப்பா குப்புராஜ் வைத்திருந்தார். அதன்மேல் கண் வைத்தவன் ரகு. மிரட்டல் வரத் தொடங்கியதும் குப்புராஜ் அலைந்து லைசன்ஸ் வாங்கி, பாயின்ட் முப்பத்திரண்டு பிஸ்டல் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

ஒரு வருடம், ஆயுத பூஜை முடிந்த வாரத்தில், உச்சி வேளையில், வயலின் மோட்டார் ரூம் வாசலில் அவரை வெட்டினார்கள். தூரத்து வரப்பிலிருந்து அன்புசெல்வன் பார்த்தான். ரகுவின் முகத்தைப் பார்த்தான். ஆனால் அவன் கனவில் திரும்பத் திரும்ப வந்தது ரகுவின் முகம் அல்ல. அப்பா பிஸ்டலை எடுத்தார், மேல் பாகத்தை இழுத்து விட்டார், விசையை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது குனிந்து அதைப் பார்த்தார். திறந்த குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாம் குழாயைப் பார்ப்போமே, அப்படி. அந்தப் பார்வையோடு போனார்.

"தோட்டா மாட்டிக்கிச்சு" என்றார் விசாரிக்க வந்த போலீஸ்காரர். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

திருவள்ளூர் கோர்ட்டில் வழக்கு. கண்ணால் பார்த்த சாட்சி அன்புசெல்வன் ஒருவன்தான். ரகு ஜாமீனில் வெளியே இருந்தான். ஒருநாள் டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பன்னைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

"இன்னா அன்பு, உங்க ஊட்டு துப்பாக்கிய ரிப்பேர் பண்ட்டியா? உங்கப்பன் கைல சவுண்டே உடலியே அது. பாவம், ஊமத் துப்பாக்கி."

அன்புசெல்வன் டீயைக் குடித்து முடித்தான். சாட்சி சொல்லும் நாள் வரை உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு அந்தப் பிஸ்டல் வெடிக்க வேண்டும். அவனுக்கு அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. மனு மேல் மனு போட்டு, லைசன்சைத் தன் பெயருக்கு மாற்றி, பிஸ்டலைக் கோர்ட்டிலிருந்து வாங்கி வந்தான். சிக்கிய தோட்டா கோர்ட்டிலேயே இருந்தது. மற்றவை வீட்டுக்கு வந்தன.

எபினேசர் அவனுடைய பள்ளித் தோழன். பட்டாளத்திலிருந்து வந்து ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவன். அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தோட்டாக்களைக் கொட்டினார்கள்.

"டேய் செல்வம், இத்த பாரு. மூக்குல குயி கீதுல்ல? மேல பட்டா பூ மாரி விரியும்னு சொல்லி வெளிநாட்டுச் சரக்க உங்கப்பா தலைல கட்டிக்கிறான் எவனோ. ஆனா இது குட்ட. தோட்டா அடுக்குற மேகசின்ல முன்னால எடம் காலியா நிக்கும். இடுப்புல வெச்சிக்கினு நடக்கச் சொல்ல தோட்டா முன்ன பின்ன ஆடும். இந்த சைஸ்ல அடில ஒரு விளிம்பு துருத்திக்கினு கீது பாரு, மேல் தோட்டா விளிம்பு கீழ் தோட்டா விளிம்புக்குப் பின்னால போயி கொக்கி போட்டுக்கும். அப்பறம் ஏசுவே வந்து தள்னாலும் நவுராது."

"ஏசுவ எதுக்குயா துப்பாக்கிக்குள்ள இயுக்கிற?" என்று சமையலறையிலிருந்து அவன் மனைவி ஹெலன் குரல் கொடுத்தாள்.

"அப்போ எது போடலாம்?" என்றான் அன்புசெல்வன்.

"உருண்ட மூக்கு, முழுசா செம்பு உறை. நீட்டு சரியா இருக்கும், ஆட எடமில்ல. பட்டா சேதம் கொஞ்சம் கம்மிதான். ஆனா வெடிக்கும். வெடிக்காத சிங்கத்த விட வெடிக்கிற பூன மேலு."

"பெரிய சைஸ் கெடைக்காதா?"

"அது பட்டாளத்துக்கும் போலீசுக்கும். நமக்கு சர்க்கார் உட்டது முப்பத்திரண்டுதான். கட்ன பொண்டாட்டி மாரி, வந்தத வெச்சிக்கினு குடும்பம் நடத்தணும்."

"இன்னிக்கு உனுக்கு சோறு கீதா இல்லியான்னு அப்பறம் சொல்றேன்" என்றாள் ஹெலன். நெடுநாளைக்குப் பிறகு அன்புசெல்வன் சிரித்தான்.

புதுத் தோட்டா வாங்கி ரைபிள் கிளப்பில் சுட்டுப் பார்த்தார்கள். மெதுவாகச் சுட்டான், வேகமாகச் சுட்டான், மேகசினை ஆட்டிவிட்டுச் சுட்டான். ஒன்றுகூடச் சிக்கவில்லை. "இனிமே பயப்படாத" என்றான் எபினேசர்.

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, காய்ந்த துணியால் துடைத்து, திரும்ப நிரப்புவது அவன் வேலையாயிற்று. மனைவி இளமதி பார்த்துக்கொண்டே போவாள். "எம் புள்ளய ஒருநா குளிப்பாட்டுனது இல்ல. இத்த தெனம் குளிப்பாட்ற."

வாசனை எப்போது தொடங்கியது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் மேகசினை நிரப்பும்போது எண்ணெய் நெடிக்கு அடியில் சந்தனம் மணத்தது. கல்லில் அப்போதுதான் இழைத்த சந்தனம். சாமி அலமாரி பக்கத்தில் இருப்பதால் என்று நினைத்து, பிஸ்டலைப் பீரோவுக்கு மாற்றினான். வாசனை பீரோவுக்கு வந்தது. பிறகு தலையணைக்கு அடியில் வைத்தான். அங்கேயும் வந்தது. இளமதியைக் கூப்பிட்டு முகரச் சொன்னான். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு அவனைத்தான் நெடுநேரம் பார்த்தாள். "எண்ண நாத்தம்தாங்க அடிக்குது" என்றாள்.

ஆடி அமாவாசை வந்தது. குப்புராஜ் போன பின் வரும் முதல் ஆடி அமாவாசை. காலையில் அம்மா ஜானகியம்மாள் மகன் முன்னால் வந்து நின்றாள்.

"நைனா, அவரு உயுந்த எடத்துல ஒரு எல போட்டு படையல் வெக்கணும். நீதான் வெக்கணும்."

"அந்தப் பக்கம் யாரும் போவக் கூடாதுமா. கேஸ் முடியட்டும்."

"செத்தவங்களுக்கு கேசு முடியற வரிக்கும் பசிக்காதா?"

அவன் பொன்னேரியில் வக்கீலைப் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். ஆனால் போனது வயலுக்கு. நாற்று தண்ணீர் இல்லாமல் வெளுத்துக்கொண்டிருந்தது. சொன்னால் வீட்டில் விடமாட்டார்கள்.

வண்டியை மதிலோரம் மறைவாக நிறுத்தினான். மோட்டாரைப் போட்டுவிட்டு அறைக்குள் உட்கார்ந்தான். கதவை ஒருக்களித்து வைத்தான். காலையில் துடைத்து நிரப்பிய பிஸ்டல் மடியில் இருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம், அதற்குப் பின்னால் மில்லின் உறுமல்.

உச்சியில் கரண்ட் போயிற்று. மோட்டார் நின்றது. அதே நேரத்தில் மில்லும் நின்றது.

அந்த மில் நின்று அவன் கேட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து காதில் இருந்த ஒன்றை யாரோ உருவி எடுத்தது போல இருந்தது. குழாயின் கடைசிச் சொட்டுகள் விழுந்தன. பிறகு அதுவும் இல்லை. தவளை இல்லை, காக்கை இல்லை. தன் மூச்சு தனக்கே அந்நியமாகக் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை.

சந்தனம் மணத்தது.

நிமிர்ந்து கதவு இடுக்கில் பார்த்தான். வரப்பில் ஓர் உருவம் வந்துகொண்டிருந்தது. கானல் அலையில் அதற்குக் கால்கள் இல்லை. தலையில் முக்காடாகப் போட்டிருந்தது அப்பாவின் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. முகம் நிழலில் இருந்தது. வலது பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தது. அப்பா அப்படித்தான் நடப்பார், இரும்பு விழுந்து கால் நசுங்கிய நாள் முதல்.

அவன் வாய் "அப்பா" என்றது. குரல் வரவில்லை.

அப்போது அதன் கையில் ஏதோ வெயில் பட்டு மின்னியது. அப்பா இல்லை. அப்பாவின் துண்டைப் போட்டு, அப்பாவின் நடையை நடந்து, அதே நேரத்தில், அதே வாசலுக்கு வருகிறார்கள். ரகு அதையும் செய்வான். உருவம் வரப்பை விட்டு வாசலை நோக்கித் திரும்பியது. இனி பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை என்று நினைத்தான்.

எழுந்து, பிஸ்டலின் மேல் பாகத்தை இழுத்து விட்டான். அது முன்னால் ஓடி, முழுசாக மூடாமல், ஒரு நூல் இடைவெளியில் நின்றது. விசையை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளங்கையால் பின்னாலிருந்து தள்ளினான். நகரவில்லை. மறுபடி அழுத்தினான்.

குனிந்து அதைப் பார்த்தான். பார்க்கும்போதே, இது யாருடைய பார்வை என்று தெரிந்தது.

"நைனா? நீயா உள்ள?"

துண்டை விலக்கிக்கொண்டு ஜானகியம்மாள் வாசலில் நின்றாள். வலது இடுப்பில் கூடை, இடது கையில் பித்தளைச் சொம்பு. கூடையின் கனத்தில் சாய்ந்து நடந்திருக்கிறாள். "வக்கீலாண்ட போறன்னியே" என்றாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள். குழல் இன்னும் அவளை நோக்கி இருந்தது.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவளும் எதிரே உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து அவன் மேகசினைக் கழற்றி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு பலத்தையெல்லாம் கொடுத்து மேல் பாகத்தைப் பின்னால் இழுத்தான். சிக்கிய தோட்டா தெறித்து சிமென்ட் தரையில் உருண்டது. அதன் இடுப்பைச் சுற்றித் தடிமனாகச் சந்தனம் பூசியிருந்தது. ஈரம் காயவில்லை. மேலே ஒரு விரல் இழுத்த தடம் இருந்தது.

ஜானகியம்மாள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்கப்பா வெக்கிற மாரியே கீதே நைனா."

"இன்னா சொல்ற?"

"ஆயுத பூஜைக்கு அவரு துப்பாக்கிக்குப் பொட்டு வெச்சிட்டு, ஒரே ஒரு தோட்டாவுக்கும் சந்தனம் பூசுவாரு. அதான் மொத தோட்டான்னு மேலாக்க வெப்பாரு. தொடைக்க உடமாட்டாரு. வெச்ச சந்தனத்தத் தொடைச்சா காவல் போயிடும்னு சொல்லுவாரு."

அன்புசெல்வன் அப்பாவின் பூஜையை நினைத்தான். அதற்கடுத்த நாட்களை நினைத்தான். பூசிய சந்தனம் காய்ந்து கல்லாகி, தோட்டா குழலுக்குள் முழுசாக நுழையாமல் நின்றிருக்கிறது. மூக்கில் குழி இருந்ததும் தோட்டா குட்டையாக இருந்ததும் காரணமே அல்ல. அவரைக் கொன்றது அந்தச் சந்தனம். இப்போது எதிரே உட்கார்ந்து முக்காட்டால் முகம் துடைக்கிற இவளைக் கொல்லாமல் விட்டதும் அதுதான்.

"நீ பூசினியாம்மா?"

"ஐயோ, நா அத்த தொட்டதே இல்ல. எனுக்கு பயம்."

சாயந்திரம் இளமதியைக் கேட்டான். "நானா? தலகாணி அடில வெச்சிக்கினு படுத்துக்கினுகீற. எப்ப தொடுவேன் நான்?" என்றாள். அவள் பொய் சொல்லும் முகம் அவனுக்குத் தெரியும். இது அது இல்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த வேளையில், மோட்டார் ரூம் வாசலில், அம்மா கூடையிலிருந்து இலையை எடுத்து விரித்தாள். சோறு, வாழைக்காய், வடை. சின்னக் கிண்ணத்தில் சந்தனமும் கொண்டுவந்திருந்தாள். அது வீட்டில் காலையில் இழைத்தது. வெயிலில் வந்ததால் மேலே காய்ந்து வெடித்திருந்தது. தோட்டாவில் இருந்தது வெடிக்கவில்லை.

விரல் தடத்தை அவன் உற்றுப் பார்க்கவில்லை. துடைக்கவும் இல்லை. தோட்டாவை இலையோரம் வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, காக்கையைக் கூப்பிட்டான். எங்கிருந்தோ ஒன்று வந்தது. அது முதல் வாய் எடுத்ததும் கரண்ட் வந்து மோட்டார் தானாகத் தண்ணீரைக் கொட்டத் தொடங்கியது. மதிலுக்கு அப்பால் மில் உறுமியது.

மறுநாள் அன்புசெல்வன் பிஸ்டலையும் எல்லாத் தோட்டாக்களையும் ஸ்டேஷனில் ஒப்படைத்தான். இடுப்பில் எதுவும் இல்லாமல் திருவள்ளூர் போய்ச் சாட்சி சொன்னான். ரகுவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சிறையில் இருக்கிறான், அப்பீல் நடக்கிறது. மில் கான்ட்ராக்டை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். அன்புசெல்வன் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறான். இளமதி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். எபினேசர் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் செக்யூரிட்டியாகச் சேர்ந்து, ஹெலனோடு அங்கேயே குடியிருக்கிறான். ஜானகியம்மாள் அடுத்த தை மாதம் தூக்கத்தில் இறந்துபோனாள். பிஸ்டல் ஸ்டேஷனில் இருக்கிறது. யாரும் கேட்டு வரவில்லை.