எஞ்சின் ஓடுதா

...அதற்காக மனிதரிடம் பிஸ்கட் தின்னாதீர்கள் என்று சொல்ல முடியுமா, பாவம், காலையில் வெறும் வயிற்றோடு ஓடிவந்திருக்கிறார், என்னைவிட மூத்தவர், இந்தப் பதிவு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவர், கடலுக்கடியில் தொங்கும் மைக்குகளுக்குப் படகறையில் யார் எதைக் கடித்தாலும் கேட்காது என்று அவருக்குத் தெரியாதா... கேட்காதுதான், ஆனால் எனக்குக் கேட்கிறதே, ஹெட்ஃபோனை எவ்வளவு அழுத்தினாலும் நறுக் நறுக்கென்று உள்ளே வந்துவிடுகிறது. என் காது அப்படி. பாம்புச் செவி என்பார் மாமியார், பக்கத்து அறையில் மகனிடம் என்னைப் பற்றிக் குசுகுசுப்பதை அவர் விட்டு வருஷக்கணக்காகிறது, இப்போதெல்லாம் சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார், குடும்பத்தில் சண்டை குறைந்ததே என் காதால்தான் என்று என் வீட்டுக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வீட்டு ஃப்ரிட்ஜின் கால்களுக்கு ரப்பர் வைத்தேன், வாஷிங் மெஷினுக்கு வைத்தேன், மிச்சமிருந்த துண்டை இவர் எடுத்துத் தன் மூக்கின் கீழே வைத்துக்கொண்டு, "குறட்டைக்கு இது போதுமா என்ஜினியரம்மா?" என்றார். போதாது என்றேன், உண்மையிலேயே போதாது, அந்தக் குறட்டைக்குத் தனியாக ஒரு கப்பல்தான் கட்ட வேண்டும்.

இன்றைக்குக் காற்று இல்லை, நல்ல வேளை, இப்படியொரு காலைக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தோம். மூன்று பக்கமும் குன்று, நடுவில் கண்ணாடி போட்டாற்போல நீர், அதில் ஒரே ஒரு குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் கீழேதான் எங்கள் நீர்மூழ்கி, மிதவைகளுக்கு நடுவே கயிற்றால் கட்டி மூழ்கவிட்டிருக்கிறோம். உள்ளே எல்லோரும் செருப்பைக் கழற்றியிருப்பார்கள், சமையல்காரர் அடுப்பை அணைத்துக் கரண்டிகளைத் துணியில் சுற்றி வைத்திருப்பார், தும்மல் வந்தால் கைக்குட்டைக்குள் தும்ம வேண்டும், சத்தம் பிடிக்கிற நாளில் எங்கள் வழக்கம் அது. முதலில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் கடலைக் கேட்போம், பிறகு ஒவ்வொரு இயந்திரமாக ஓட்டச் சொல்லி எது எவ்வளவு வெளியே விடுகிறது என்று பிடிப்போம். நீர்மூழ்கிக்குச் சத்தம்தான் எமன், பாட்டரியில் ஓடுகிறவரை அது பூனை, யாருக்கும் தெரியாது, ஆனால் பாட்டரி தீர்ந்தால் என்ன செய்வது, மேலே வந்து குழாயை நீட்டிக் காற்றை இழுத்து டீசல் எஞ்சினை ஓட்டித்தானே திரும்ப நிரப்ப வேண்டும், அந்த நேரத்தில்தான் நான் இங்கே இருக்கிறேன் என்று அதுவே ஊரைக் கூட்டும். அந்த நேரம்தான் என் வேலை, என் சம்பளம், என் தலைவலி, எல்லாம்.

நான் செய்தது இவ்வளவுதான், எஞ்சினை நேரே கப்பலின் உடம்பில் வைக்காமல் ஒரு இரும்பு மேடையில் வைத்து, மேடையைத் தடித்த ரப்பர்களின் மேல் உட்காரவைத்தேன், மேடைக்கும் கப்பல் சுவருக்கும் நடுவே சுற்றிலும் ஒரு விரல் நுழைகிற இடைவெளி, எங்கேயும் ஒட்டக்கூடாது, எஞ்சின் எவ்வளவு குதித்தாலும் குதிப்பு மேடையோடு நின்றுவிட வேண்டும். கப்பல் கட்டும் தளத்தில் அதற்குத் தொட்டில் என்று பேர் விழுந்துவிட்டது, எனக்குத் தொட்டில்காரி என்று. தொட்டில் சரியில்லையென்றால் வேறு வைத்துக்கொள்ளேன் என்று அக்கா போனில் சுலபமாகச் சொல்கிறாள், அவளுக்கென்ன, எஞ்சின் உள்ளே போன வழி இப்போது இல்லையே. வளையம் வளையமாகச் செய்த உடம்பைச் சேர்த்துப் பற்றவைத்து மூடியாயிற்று, ஆள் இறங்குகிற துளை வழியாக எஞ்சினை எடுக்க முடியுமா, தொட்டிலைத் தொட வேண்டுமென்றால் உடம்பை வெட்டித்தான் ஆக வேண்டும், கடைசியாகப் பற்றவைத்த தையலைப் பிரித்தாக வேண்டும். அந்தத் தையலைப் போட்டது யார்? வெல்டர்களின் மேஸ்திரி, அதாவது என் வீட்டுக்காரர். பொருத்தம் பார்த்தவர்கள் இதைப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள்.

"நான் போட்ட தையலை நீ பிரிக்க வெச்சேன்னா, கோவிச்சுக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றார் நேற்று சாப்பிடும்போது. உங்கள் அம்மா இதோ உங்கள் பக்கத்தில்தானே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்றேன். "அப்ப உங்கம்மா வீட்டுக்குப் போறேன், அவங்க என்னை நல்லாத்தான் பாத்துப்பாங்க" என்றார், மகள் சிரித்துப் புரையேறி, மாமியார் அவள் தலையில் தட்டி, அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் கை கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, வெட்ட வேண்டியிருந்தால் வெட்டத்தான் வேண்டும், அதற்காக மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு தடவை சூடு பட்ட உருக்கை வெட்டி மறுபடி சூடாக்கினால் பழைய ஆழத்தைத் தாங்குமா என்று பத்துப் பேர் பத்து விதமாகப் பேசுவார்கள், பல்லி மாதிரி மல்லாந்து ஒட்டிக்கொண்டு அவரும் அவர் ஆட்களும் போட்ட தையல், எக்ஸ்ரே படத்தில் ஒரு புள்ளிகூட இல்லாமல் வந்த தையல்... அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மகள் பிறந்தபோது பார்த்த மாதிரி பார்த்தாரே. அடுத்த வாரம் கப்பல் முதல் முறையாக முழு ஆழத்துக்கு இறங்கும்போது அவரும் உள்ளே இருப்பார், கடைசித் தையல் போட்டவன் அதோடு கூட இறங்க வேண்டும், இது எங்கள் தளத்து வழக்கம், யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. ஆக இன்றைக்கு என் தொட்டில் பேசினால் அவர் தையல் போச்சு. பேசாவிட்டால் இரண்டும் தப்பிக்கும்.

"கவலைப்படாதம்மா, எல்லாம் நல்லபடியா முடியும்" என்கிறார் பெரியவர், எங்கள் தலைமை வடிவமைப்பாளர், பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இவர்தான் போன மாதம் மேலிடத்தில், தொட்டில் சந்தேகம்தான், வெட்டுவதற்குத் தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தவர், பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கை. போகட்டும், கெட்டவர் இல்லை, பயந்தவர், இவ்வளவு பெரிய இரும்பை நீருக்குள் அனுப்புகிறவர் கொஞ்சம் பயந்தால்தான் நல்லது. இப்போது வெறும் கடல் கேட்கிறது, இறால்கள் சொடுக்குப் போடுகின்றன, காய்ந்த எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி படபடவென்று, எனக்கு இந்தச் சத்தம் பிடிக்கும், இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடுகிறது, இந்த வேலைக்கு வந்ததற்கு இது ஒன்றே போதும் என்று தோன்றும். மின்விசிறிகள் ஓடின, தேறின. தண்ணீர் பம்பு ஓடியது, கொஞ்சம் முனகியது, தேறியது. பம்பு தேறியதும் பதிவுக்காரர் இன்னொரு பிஸ்கட் எடுத்தார், எனக்கும் ஒன்று நீட்டினார், வாங்கிக்கொண்டேன், கடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

டீசல்... ஆரம்பித்துவிட்டார்களா, ஆமாம், குழாயின் மேல் நீராவி மாதிரி லேசாகப் புகை, திரையில் கோடுகள் அசைகின்றன, எனக்கு இறால்தான் கேட்கிறது, இறால், இறால், பிறகு... இருக்கிறது. ம்ம்ம்ம் என்று, வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுகிற மாதிரி, விடாமல், திரையில் ஒரே ஒரு கோடு மட்டும் எழுந்து நிற்கிறது, மற்றதெல்லாம் படுத்திருக்க அது மட்டும் நிற்கிறது. பெரியவரின் நாற்காலி கிறீச்சிட்டது. ரப்பரா? ரப்பர் கெட்டிப்பட்டுவிட்டதா? அப்படியென்றால் சத்தம் அகலமாக அல்லவா வர வேண்டும், இது ஒல்லியாக வருகிறது, ஒரே சுருதியில்... ரப்பர் இல்லை. எங்கேயோ தொடுகிறது. மேடை எங்கேயோ ஒரே இடத்தில் கப்பலைத் தொடுகிறது. அளவு நான் போட்டது, இடைவெளி நான் விட்டது, மூடுவதற்கு முன் சுற்றிலும் என் விரலையே விட்டுப் பார்த்தேனே, என் வீட்டுக்காரர்கூடப் பக்கத்தில் நின்று சிரித்தார். இவருக்கு உலகத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும், உடைந்த கோப்பை, பிரிந்த செருப்பு, முகம் கொடுத்துப் பேசாத தம்பிகள், எதுவாக இருந்தாலும் ஒட்டவைத்துவிட்டுத்தான் படுப்பார், சண்டை போட்ட அன்றைக்கே சமாதானம் ஆகிவிட வேண்டும், ஒரு நாள் விட்டுப் பிடியுங்களேன் என்று நான்தான் கெஞ்ச வேண்டும், எனக்குக் கொஞ்சம் இடம் விட்டு நின்றால்தான் எதுவும் சரியாக ஓடும். ஒட்டுகிறவரும் ஒட்டவிடாதவளும், எப்படித்தான் குடும்பம் நடத்தினோமோ, நடத்தியிருக்கிறோம், நன்றாகவே நடத்தியிருக்கிறோம். கடவுளே, தையலைக் காப்பாற்று.

எஞ்சின் அறைக்குப் போன் இருக்கிறது, மிதவை வழியாக ஒயர் போகிறது, ஹெட்ஃபோனை வலது காதிலிருந்து மட்டும் தள்ளிவிட்டு ரிசீவரை வைத்தேன், வீட்டுக்காரர்தான் எடுத்தார், காலையிலிருந்து அங்கேதான் போனுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"மேடை எங்கயோ தொடுதுங்க. சுத்தி வந்து சுவர்ல கை வெச்சுப் பாருங்க, எந்த இடத்துல அதிருதுன்னு."

"சுவர்லயா, மேடையிலயா?"

"சுவர்ல. மேடை ஆடினா பரவாயில்ல. சுவர் ஆடக்கூடாது."

போனை அப்படியே தொங்கவிட்டுப் போனார், வலது காதில் எஞ்சின் இடி இடிக்கிறது, இடது காதில் அந்த ஒல்லி முனகல், இரண்டும் ஒன்றுதான் என்று நம்பவே முடியாது. அவர் கையை எனக்குத் தெரியும், நெருப்புப்பொறி பட்டுப் பட்டுத் தடித்த கை, ஆனால் மகளுக்குக் காய்ச்சலா இல்லையா என்று தெர்மாமீட்டருக்கு முன்னால் சொல்லிவிடும். பெரியவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். வெட்ட ஆரம்பித்தால் எத்தனை மாதம், யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் அவர் மனசுக்குள் ஓடுவது கேட்காத குறைதான். வரவில்லை... இன்னும் வரவில்லை... பிஸ்கட் கையிலேயே நொறுங்கிவிட்டது. அப்புறம் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, சிரிப்பும் இருந்தது.

"சங்கிலி" என்றார். "உதிரி சாமான் பெட்டி ஒண்ணு மேடை மேல இருக்கு. மாலுமி தம்பி அதைச் சுவர்க்கம்பியோட சங்கிலி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கார். முறுக்குன்னா முறுக்கு, அப்படி ஒரு முறுக்கு."

பின்னாலிருந்து அந்த மாலுமியின் குரல் லேசாகக் கேட்டது, கடல்ல எதையும் கட்டாம விடக்கூடாதுன்னுதானே சார் சொல்லிக் குடுத்திருக்காங்க, என்று. பாவம், சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், கப்பலில் கட்டாமல் விட்டது எல்லாம் அலையில் பறந்து வந்து மண்டையை உடைக்கும், நல்ல மாலுமி என்பதற்கு அடையாளமே அதுதான், தூங்கப் போகுமுன் பார்த்திருப்பார், ஒரு பெட்டி சும்மா உட்கார்ந்திருக்கிறது, மனசு கேட்டிருக்காது. உலகத்திலேயே கட்டக்கூடாத ஒரே இடத்தில், அக்கறையாக, அழகாகக் கட்டியிருக்கிறார். திட்டாதீர்கள் என்றேன். திட்டவில்லை, முடிச்சைப் பாராட்டிவிட்டுத்தான் அவிழ்க்கிறோம் என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தான்தான் முதலிலிருந்தே தொட்டிலை நம்பினவர் மாதிரி ஒரு நிமிர்வு.

சங்கிலி கழன்ற நொடி எனக்குத் தெரிந்தது, முனகல் நின்றது, திரையில் அந்தக் கோடு மற்றவற்றோடு படுத்துக்கொண்டது. இறால். இறால் மட்டும். டீசல் ஓடும்போது முழு அமைதியை யாரும் எதிர்பார்க்கவில்லை, ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், அதற்குக் கீழே இருந்தால் போதும், நாங்கள் அந்த அளவுக்கும் எங்கேயோ அடியில் இருக்கிறோம், என் காதுக்கே எட்டவில்லை, நிறுத்திவிட்டார்களோ என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது.

"எஞ்சின் ஓடுதா?" என்றேன் போனில்.

"என்னது? சத்தமாப் பேசு, எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

சிரித்தேன், பதிவுக்காரரும் சிரித்தார், வாய் நிறைய பிஸ்கட்டோடு சிரித்தார், தின்னுங்கள், நன்றாகத் தின்னுங்கள். தையல் பிழைத்துவிட்டது என்று கத்தினேன், அது மட்டும் அவருக்கு முதல் தடவையிலேயே கேட்டது, எஞ்சின் இடிக்கு நடுவே மூக்கை உறிஞ்சுகிற சத்தம், இந்த மனிதருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான். "தொட்டில்காரி" என்றார். எவ்வளவு நன்றாக இருந்தது அந்த நிமிஷம், அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்புறம் சரி வைக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

வலது காதிலும் ஹெட்ஃபோனை இழுத்துவிட்டேன். இறால்கள். பெரியவர் யாருக்கோ நல்ல செய்தி சொல்லிக்கொண்டே வெளியே போனார். இறால்கள், தூரத்தில் ஏதோ மீன் கூட்டம், இறால்கள். அதோ அந்தக் குழாயின் கீழே அவ்வளவு பெரிய எஞ்சின் ஓடுகிறது, அதன் பக்கத்தில் இவர் நிற்கிறார், மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். குழாய் இருப்பதால்தான் அவர் அங்கே இருப்பது எனக்குத் தெரிகிறது. அடுத்த வாரம் குழாயும் இருக்காது, போன் ஒயரும் இருக்காது, பாட்டரியில் இறங்குவார்கள், இதைவிட அமைதியாக, நான் இதே நாற்காலியில் இதே ஹெட்ஃபோனோடு...

"எல்லாம் பதிவாயிடுச்சும்மா, நிறுத்தச் சொல்லிடலாமா?" என்றார் பதிவுக்காரர்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."

"ஏதாவது கேக்குதா?"

இல்லை என்று தலையாட்டினேன், சந்தோஷமாகத்தான் ஆட்டினேன், சந்தோஷம்தான், இத்தனை வருஷம் எதற்காக உழைத்தேனோ அது இதுதானே. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சுருதியாக மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனேன், எங்கேயாவது ஒரு சின்ன முனகல், ஒரு தட்டல், கரண்டி உருளுகிற சத்தம், எதுவாக இருந்தாலும் போதும் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறேன்.