அந்தப் பதினொன்று யாருடையது?

கை வலிக்கு வைத்தியம் பார்ப்பவளுக்கே கை வலி வந்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும், வந்தது தனக்கில்லை என்றால். நான் இயன்முறை மருத்துவர். இருபத்தாறு வருடங்களாக அடுத்தவர் கைகளை என் கட்டைவிரல்களால் அழுத்தி அழுத்தியே சம்பாதித்தவள். எட்டு மாதங்களாக அந்தக் கட்டைவிரல்களின் அடிமூட்டு இரண்டும் தேய்ந்துபோய், பூட்டில் சாவியைத் திருகினால்கூட உயிர் போயிற்று.

யாரிடமும் சொல்லவில்லை. என்னைத் தெரியாத ஓர் இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, உறையைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் சொருகிவிட்டேன். கட்டைவிரல் போன இயன்முறை மருத்துவரை எந்த மருத்துவமனை வைத்துக்கொள்ளும்? முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கணவர் கேட்டால் தூக்கம் சரியில்லை என்பேன். நோயாளிகளிடம் மட்டும் வாய் கிழியப் பேசுவேன்: கரண்டிக் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள், கனமானதை விரலால் தூக்காமல் உள்ளங்கையில் ஏந்துங்கள். ஊருக்குத்தான் உபதேசம்.

என்னை மாட்டிவிட்டவர் ஒரு பிளம்பர். பாவம், வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கும் இதே வியாதிதான், வலது கையில். மூன்று மாதமாக என்னிடம் வருகிறார். இன்னும் ஒரு நல்ல அளவு வந்துவிட்டால், வேலைக்குத் திரும்பலாம் என்று கடிதம் கொடுப்பதாக இருந்தோம்.

பிடியின் பலத்தை அளப்பது ஒரு மீட்டரில். அதன் கைப்பிடியை இறுக்கினால் முள் ஏறும். கையை எடுத்தாலும் சிவப்பு முள் மட்டும் ஏறிய இடத்திலேயே நிற்கும். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு, பூஜ்யத்துக்குத் தள்ளிவிட வேண்டும். அன்று, இப்படிப் பிடியுங்கள் என்று வழக்கம்போல நான் ஒருமுறை இறுக்கிக் காட்டினேன். கட்டைவிரலில் சுளீரென்றது. முகத்தை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் போய், நன்றாக இருந்த திரையைச் சரிசெய்தேன். திரும்பி வந்து பார்த்தால் முள் பதினொன்றில் நின்றது. அவருடைய தாளில் எழுதி அனுப்பிவிட்டேன். வலியில் என்ன எழுதினேன் என்பதே உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தாள்களைச் சரிபார்த்த எங்கள் துறைத்தலைவிக்கு உறைத்தது. அவள் என்னோடு ஒன்றாகப் படித்தவள். வேலையிடத்தில் மட்டும் எனக்கு ‘நீங்க’ போடுவாள். போன வாரம் இருபத்தாறு கிலோ, இந்த வாரம் பதினொன்றா? நரம்பில் ஏதோ கோளாறு என்று பயந்து, கடிதத்தை நிறுத்திவைத்து, பிளம்பருக்குப் போன் போட்டுவிட்டாள். மனிதர் திங்கட்கிழமை கதவு திறக்கும் முன்பே வந்து நின்றார்.

தலைவியின் முன்னால் மீட்டரை வாங்கி இறுக்கினார். முள் இருபத்தொன்பதில் நின்றது. மறுபடி இறுக்கச் சொன்னாள். மறுபடியும் இருபத்தொன்பது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்குப் போயிற்று.

“அப்போ அந்தப் பதினொண்ணு யாரோடது?” என்று தலைவி கேட்டாள்.

பிளம்பர் கொஞ்சம் யோசித்தார். “அன்னிக்கு நான் பிடிக்கவே இல்லையேம்மா. மேடம் பிடிச்சுக் காட்டினாங்க, ஜன்னல்கிட்ட போனாங்க, வந்து எழுதிட்டாங்க. என்னைப் போகச் சொன்னாங்க, நானும் கிளம்பிட்டேன்.”

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றேன். மீட்டர் பழசு என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான் மறைத்ததற்கு இந்த மனிதர் மூன்று நாள் கிடந்து தவித்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. என்னுடையதுதான் என்றேன். எட்டு மாதமாக வலி என்பதையும் சொன்னேன். பிளம்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். தனக்கு இருபத்தொன்பது வந்ததே போதும் என்று அவர் பெருமூச்சு விட்டார்.

தலைவி என்னை நோயாளிகள் நாற்காலியில் உட்காரவைத்தாள். ரொம்பத் தாழ்வான நாற்காலி அது. இத்தனை வருடம் ஒரு நோயாளிகூடச் சொல்லவில்லை.

“வேலை போயிடும்னு பயந்தியா?” என்றாள். அந்த ‘நீ’யிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது. “முழங்கையால அழுத்து, மரக்கட்டையால அழுத்து. கைப்பயிற்சி வகுப்புக்கு நல்லா வாயடிக்கிற ஆள் கிடைக்காம அலையறேன், உன்னை விட்டா யாரு? நாளைக்கு எப்பவும்போல வா.”

அழுகை வந்தது, அழுதேன். அவள் பாட்டுக்குப் புதுத் தாளை எடுத்து, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டாள். எட்டு என்றேன்.

“எனக்கும் மொதல்ல எட்டுதான் மேடம்,” என்றார் பிளம்பர். “ரொம்ப பயந்தவன்னு நினைப்பீங்களேன்னு அஞ்சுன்னு சொல்லிட்டேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஐந்தை நம்பியல்லவா மூன்று மாதப் பயிற்சியைப் போட்டேன்! வலியை மறைத்தால் நாங்கள் எப்படி வைத்தியம் பார்ப்பது என்று சத்தம் போட்டேன். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். முதலில் சிரித்தது நான்தான்.

தலைவி பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, என் வலது கட்டைவிரலைச் சுற்றி வளைத்துப் பிடித்தாள். இதமான சூடு. ஆறி இறுகியதும் மூட்டு ஆடாமல் நின்றது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். பிளம்பரின் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவுக்குக் கை நீட்டினேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டுத் தானே போட்டாள். கை மடியில் சும்மா கிடந்தது. வலி பத்துக்கு மூன்று. நிஜமான மூன்று.