வாடகைக்கு ஐந்து பதக்கங்கள்

“ராணுவ மெடல் வாடகைக்குக் கிடைக்குமா?”

கேட்டவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒட்ட வெட்டிய தலைமுடி, விறைப்பான முதுகு. கடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். கிரீடம் முதல் வக்கீல் அங்கி வரை நாடகத்துக்கு வேண்டிய எல்லாமே அவள் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். பதக்கங்களும் இருந்தன. போர்ப்படம் எடுக்க வந்து பாதியில் மூட்டை கட்டிய சினிமாக் கம்பெனி ஒன்றிடம் மொத்தமாக வாங்கியவை. நகல்தான் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

தட்டை நீட்டினாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, ஐந்தை மட்டும் எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். நடுவில் இருந்த இரண்டை இடம் மாற்றினார். பிறகுதான் அவருக்குத் திருப்தி வந்தது.

“என்ன நாடகம் சார்?” என்றான் கடைக்காரியின் தம்பி. அக்காள் கடையில்தான் வேலை. கையைவிட வாய் அதிகம் வேலை செய்யும்.

“குடும்ப நாடகம்.”

“அப்போ இந்த நட்சத்திரத்தையும் சேர்த்துக் குத்திக்குங்க. வாடகை அதேதான். மேடையில சும்மா டாலடிக்கும்.”

“வேண்டாம்பா. அது எனக்குக் குடுக்கலை.”

“மத்ததெல்லாம் குடுத்தாங்களாக்கும்!”

அவர் சிரித்தபடி ஐந்தையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரியின் வீட்டில் காலையிலிருந்தே பரபரப்பு. அவளுடைய ஒரே மகள், தன்னோடு வேலை பார்க்கும் ஒருவனை விரும்பினாள். பையன் தங்கமானவன்தான். ஆனால், “குடும்பத்தைப் பார்க்காம சரின்னு சொல்ல மாட்டேன்” என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அவளுக்கு வலித்த கதை ஒன்று இருந்தது. மில் முதலாளி என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டவனுக்கு மில்லும் இல்லை, ஒரு வேலையும் இல்லை. பெண் பார்க்க வந்தபோது போட்டிருந்த கோட்டுகூட இரவல். மகளுக்கும் அப்படி ஒரு குடும்பம் வாய்த்துவிடக் கூடாது.

பையனின் அப்பா ராணுவத்தில் இருந்தவராம். அமைதிப்படையோடு கடல் தாண்டி மூன்று நாட்டுச் சண்டைக்குப் போய் ஐந்து பதக்கம் வாங்கியவராம். மகள் அடிக்கடி சொல்லியிருக்கிறாள்.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்த தம்பி, “வாங்க” என்பதை ‘வா’வோடு நிறுத்திவிட்டான். பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் பின்னால், கோட்டில் ஐந்து பதக்கங்களோடு நின்றார் அவர்.

அவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் வணக்கம் சொன்னார்.

“நான்தான் ஆன்ட்டி அப்பாவைக் கட்டாயப்படுத்தி எல்லாத்தையும் குத்திக்கிட்டு வரச் சொன்னேன்” என்றான் பையன் பெருமையாக. “நானே சின்ன வயசுல பார்த்ததுதான்.”

கடைக்காரி சிரித்து வைத்தாள். காபி கொண்டுவரும் சாக்கில் சமையலறைக்குள் நுழைந்தாள். தம்பி பின்னாலேயே ஓடிவந்தான்.

“அக்கா, ஆளு டூப்பு! மாமாவாவது கோட்டை மட்டும்தான் இரவல் வாங்கினாரு. இவரு வீரத்தையே வாடகைக்கு எடுத்திருக்காரு. சம்மதம் கிம்மதம்னு வாயைத் திறந்துடாதே!”

“கொஞ்சம் இருடா.” அவளுக்கு ஒன்று இடித்தது. பொய் சொல்ல வந்தவன் தட்டிலேயே பெரிதாக இருந்த நட்சத்திரத்தை விட்டுவிட்டுப் போவானா? ‘எனக்குக் குடுக்கலை’ என்றாரே!

சமையலறை வாசலில் நிழலாடியது. பையனின் அம்மா. முகம் வெளிறியிருந்தது.

“கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா. படபடன்னு வருது.” மடக்மடக்கென்று குடித்தார். பிறகு, தம்பி நிற்பதைக்கூடப் பார்க்காமல் கடைக்காரியின் கையைப் பிடித்தார். “யார்கிட்டயாவது சொல்லலைன்னா தலை வெடிச்சுடும் போல இருக்கு. அவரு போட்டிருக்காரே மெடல், அது எப்படி வந்துச்சுன்னே எனக்குப் புரியலை.”

“ஏன், அவரோடதுதானே?”

“அவரோடதேதான். ஆனா அஞ்சையும் நான் ஆத்துல வீசிட்டேன். பாலத்து மேல நின்னு.”

தம்பியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“மூணு சண்டைக்குப் போனாரு. ஒவ்வொரு தடவையும் பிள்ளையோட வாசலையே பார்த்துக்கிட்டிருப்பேன். எவனோ ரெண்டு பேர் அடிச்சுக்கிறதுக்கு நம்ம வீட்டு ஆளு எதுக்குன்னு தோணும். திரும்பி வந்ததும் மெடலைப் பெட்டியில வெச்சுட்டு அடுத்ததுக்குத் தயாராயிடுவாரு. நாலாவதுக்குக் கூப்பிட்டாங்க. அன்னிக்குத்தான் பெட்டியைக் காலி பண்ணினேன். ஏனோ அந்தத் தடவை அவரு போகலை. பெட்டியைத் திறந்தே பார்க்கலைன்னு நினைச்சு இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். இன்னிக்குக் காலையில அஞ்சையும் குத்திக்கிட்டு வந்து நிக்கிறாரு! ஆத்துல குதிச்சா எடுத்தாரு?”

கடைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“குதிக்கலைம்மா. எங்க கடைக்கு வந்தாரு. வாடகைக்கு எடுத்தாரு.”

“வாடகைக்கா?”

“பையன் போட்டுக்கச் சொல்லிட்டான். இல்லைன்னா ‘எங்கே போச்சு’ன்னு கேப்பான். உங்க பேரு வெளியே வந்துடும்.”

அந்த அம்மாள் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “அப்போ நான்தான்னு அவருக்குத் தெரியுமா?”

“நாலாவது தடவை ஏன் போகலைன்னு நினைக்கிறீங்க? தெரியாட்டி, திருடு போச்சுன்னு அன்னிக்கே வீட்டை ரெண்டு பண்ணியிருப்பாரே.”

“பின்னே ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலை?”

“நீங்க அவரை ஏதாவது கேட்டீங்களா?”

அடுப்பில் பால் பொங்கியது. தம்பிதான் பாய்ந்து அணைத்தான்.

கடைக்காரி தட்டோடு ஹாலுக்கு வந்தாள். அவர் நாற்காலி நுனியில், தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார். முதல் டம்ளரை அவரிடமே நீட்டினாள்.

“எடுத்துக்குங்க சம்பந்தி.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் மகள் துள்ளி எழுந்தாள். அவர் டம்ளரை வாங்காமல் கடைக்காரியையே பார்த்தார்.

“எதுவும் விசாரிக்காமலேயா?”

“விசாரிச்சாச்சு.”

அவர் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கணவனின் கோட்டை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, நடுவில் இருந்த பதக்கத்தை விரலால் தொட்டார்.

“இது எந்த ஊர்ல வாங்கினது?”

“இதுவா?” அவர் குரல் சட்டென்று இறங்கியது. “அது பெரிய கதை. உனக்குப் பிடிக்காது.”

“பிடிக்காதுதான். சொல்லுங்க.”

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு துறைமுகத்திலிருந்து தொடங்கினார்.