நடுவில் வந்த பந்து

2024 பிப்ரவரி 8, வியாழக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு, கோயம்புத்தூர் அவினாசி சாலையை ஒட்டிய ஒரு கிளப்பின் மூன்றாம் மைதானத்தில், தொழில்முறை டென்னிஸ் போட்டியின் ஆடவர் இரட்டையர் காலிறுதியில், பந்து ஒன்று தரையிலிருந்து நாலடி உயரத்தில் நின்றது. விழவில்லை, முன்னும் பின்னும் போகவில்லை. இருந்த இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தது. முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர் வெல்லும் கடைசி டைபிரேக்கரில், பந்து நின்ற பக்கத்து ஜோடிக்கு அப்போது ஒன்பதுக்கு ஏழு. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் அரையிறுதி.

பந்துக்கு வலப்பக்கம் நின்றவன் கவின். கருமத்தம்பட்டியில் தோட்டமும் அறுபது விசைத்தறியும் வைத்திருக்கும் தம்பிதுரையின் மகன். இடப்பக்கம் நின்றவன் ரவிக்குமார்; அந்தத் தோட்டத்தில் முப்பது வருடம் பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சிய மருதாசலத்தின் மகன். 2007-ல் தம்பிதுரை தன் மகனுக்காகப் பருத்திக் காட்டின் ஓரத்தில் இருபது சென்ட்டைச் சமன்படுத்தி டென்னிஸ் மைதானம் போட்டார். எதிரில் நின்று பந்தைத் திருப்பி அடிக்க அதே வயதில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. ரவிக்குமாரின் கையில் ஒரு பழைய மட்டை வந்தது அப்படித்தான். நாலு வருடத்தில் அவன் கவினைவிட நன்றாக ஆடினான். தனியாட்டத்துக்கு அனுப்ப அவனுக்கு ஆளில்லாததால் இருவரும் ஜோடியானார்கள்.

இரட்டையர் ஆட்டத்தில் நடுவில் வரும் பந்து இடப்பக்கத்து வலக்கைக்காரனுக்கு உரியது. அவனுக்குத்தான் வாகாக வீசும் கை நடுவில் இருக்கும். ஆனால் ஜோடியாக ஆடிய பதின்மூன்று வருடமும் நடுவில் வந்த ஒவ்வொரு பந்துக்கும் ரவிக்குமார், “உங்களுதுங்க” என்று சொல்லி ஒதுங்கினான். கவின் புறங்கையை வளைத்துச் சிரமப்பட்டு அடித்தான். பயிற்சியாளர்கள் கத்திப் பார்த்து ஓய்ந்தார்கள். சண்டிகரிலும் புவனேஸ்வரிலும் துனீசியாவிலும் அவர்கள் தோற்ற ஆட்டங்கள் பெரும்பாலும் நடுவிலேதான் தோற்றவை. ஒரு வார்த்தை தமிழ் தெரியாத எதிரணிகள்கூட இரண்டாவது செட்டுக்குள் விஷயத்தைப் புரிந்துகொண்டு நடுவில் அடித்தார்கள்.

ரவிக்குமாருக்கு மார்ச்சில் முப்பது முடிகிறது. ஓர் அரசுத் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு அவன் விண்ணப்பம் போட்டிருந்தான். சர்வதேசப் போட்டி ஒன்றில் அரையிறுதி வரை போன சான்று வேண்டும்; பிப்ரவரி பதினைந்து கடைசி நாள்; அடுத்த அறிவிப்பு வரும்போது வயது தாண்டியிருக்கும். வியாழக்கிழமை காலை இட்லி சாப்பிடும்போதுதான் கவினுக்கு இது தெரிந்தது. நாலு பத்துக்கு எதிரணி நடுவில் ஒரு மெத்தனமான பந்தைத் தூக்கிவிட்டபோது ரவிக்குமார் பழக்கப்படி, “உங்களுதுங்க” என்றான். அதே நொடியில் கவினும், “உங்களுதுங்க” என்றான். அதுவரை ‘டேய்’ என்றும் ‘வாடா’ என்றும் கூப்பிட்டுவந்தவன் அவன். இருவரும் ஒரே சமயத்தில் ஒதுங்கினார்கள். பந்து நின்றது.

தலைமை நடுவர் யூனுஸ் உக்கடத்துக்காரர், நிதானமானவர். டேப் வைத்து உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு விதிப்புத்தகத்தை இரண்டு முறை படித்தார். பந்து தரையைத் தொடவில்லை, ஆளையும் தொடவில்லை, ஆகவே புள்ளி உயிரோடிருக்கிறது. உயிரோடிருக்கும் புள்ளியை மறுபடி ஆட விதியில்லை. இருவரில் ஒருவர் அடித்தாக வேண்டும். வெளிச்சம் போனதும் ஆட்டத்தை நிறுத்திவைத்தார். வெள்ளிக்கிழமை காலை பந்து அங்கேயே இருந்தது. எதிரணியினர், ஒருவர் தாய்லாந்து, ஒருவர் செர்பியா, தங்கள் பக்கத்தில் மட்டையோடு நின்றார்கள்.

தம்பிதுரை காரில் வந்து இறங்கினார். “ஏனப்பா, இதென்ன கல்யாணப் பந்தியா, நீங்க உக்காருங்க நீங்க உக்காருங்கன்னு? எவனாச்சும் ஒருத்தன் அடிச்சுத் தொலைங்க” என்றார். மருதாசலம் கம்பிவேலிக்கு வெளியிலேயே நின்று, “அது சின்னவரு பந்து கண்ணு. நாம கை வெச்சா நல்லாருக்குமா?” என்று மகனிடம் மெதுவாகச் சொன்னார். ரவிக்குமாரின் மனைவி பொற்கொடி மாமனாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “பந்து என்ன, கடிச்சா போடும்? கண்ண மூடிட்டு ஒரு வீசு வீசிப்போட்டு ஊட்டுக்கு வாங்க” என்றாள்.

அவன் வீசத்தான் பார்த்தான். மட்டை இடுப்பு வரை வந்தது, அதற்கு மேல் தோள் எழவில்லை. இருபது முப்பது தடவை முயன்ற பிறகு கவினிடம் வந்து நின்றான்.

“நீங்களே அடிச்சுப்போடுங்க. நீங்க அடிச்சாலும் எனக்குச் சான்று வந்துருமுங்க. பதினஞ்சாந் தேதி கடைசிங்க.”

“நான் அடிச்சா பழையபடிதானுங்க. இந்த ஒண்ணையாவது நீங்க எடுக்கோணும்.”

கவினின் கண்கள் கலங்கியிருந்தன. அவன் தன்னை நல்லவனாக்கிக்கொண்டிருக்கிறான் என்பது ரவிக்குமாருக்குப் புரிந்தது. அதற்கு ஆகும் செலவு யாருடையது என்பதும் புரிந்தது. ‘அடிடா டேய்’ என்று பழையபடி ஓர் அதட்டல் போட்டிருந்தால் கை தானாக எழுந்திருக்கும் என்றும் தோன்றியது. அப்படி அதட்டச் சொல்லிக் கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. கேட்கவில்லை.

சனிக்கிழமை அரையிறுதிக்கு ஆளில்லாததால் காத்திருந்த ஜோடி நேராக இறுதிக்குப் போனது. ஞாயிறு இரவு எதிரணியினர் யூனுஸிடம் சொல்லிக்கொண்டு விமானம் ஏறினார்கள். பந்தை அடிக்கும் முறை அவர்களுடையது இல்லை என்பதால் அவர்கள் தோற்றதாக எழுத முடியவில்லை. முடிவுப் பட்டியலில் அந்தக் கட்டத்தில் ‘ஆட்டம் நடக்கிறது’ என்று போட்டார்கள். ரவிக்குமார் பதினைந்தாம் தேதி வரை தினமும் பேருந்தில் வந்து பந்தின் முன்னால் நின்றான். வேலைக்கான அலுவலகத்தில், நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்துக்குச் சான்று ஏற்க இயலாது என்று ஒரு வரியில் பதில் எழுதினார்கள். மார்ச்சில் அவனுக்கு முப்பது முடிந்தது.

கிளப்பில் ஒரு மாதம் கூட்டம் வந்தது. சிலர் பந்துக்குக் குங்குமம் வைக்கப் பார்த்தார்கள். சுழற்சியில் குங்குமம் ஒட்டவில்லை. பிறகு கூட்டம் குறைந்தது. அடுத்த வருடப் போட்டிக்கு மூன்றாம் மைதானம் தேவைப்பட்டதால் யூனுஸ் உள்ளூர் விதி ஒன்றைச் சேர்த்தார்: ஆடும் பந்து நிற்கும் பந்தின் மேல் பட்டால் அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

கவின் டென்னிஸை விட்டுவிட்டுத் தறிகளைப் பார்த்துக்கொள்கிறான். ரவிக்குமார் அங்கேயே பகல் ஷிப்டில் பன்னிரண்டு தறி ஓட்டுகிறான். கவின் அவனை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுகிறான்.